நான்காவது வாய்

உர்வேயின் கடிதத்தில் இரண்டே வரி:
"ஒரு கையால் திறக்கிற பேனா வேண்டும்.
மறு கையில் எப்போதும் யாராவது இருப்பார்கள்."

சாரெமா தீவின் மருத்துவமனையில்
பத்தொன்பது ஆண்டாகப் பேறு பார்க்கிறவள்.
பிறந்த நிமிடத்தை மையில்தான் எழுதுவாளாம்.
பந்துமுனைப் பேனாவை ஆளாளுக்குக் கொண்டுபோகிறார்கள்,
மைப்பேனாவை மட்டும் யாரும் கடன் கேட்பதில்லை என்றாள்.

பேனாவுக்கு உடம்பு கடைவது பெரிதில்லை.
உளி சொன்னபடி கேட்கும்,
எபோனைட் சுருள்சுருளாய்
என் சட்டைப்பைக்குள்ளேயே விழும்.
மூடி எப்படிப் பூட்டும் என்பதில்தான்
என் பிப்ரவரி முழுக்கப் போயிற்று.

முதலில் காந்தம்.
மூடிக்குள் ஒன்று, கழுத்தில் ஒன்று, மிளகளவு.
கட்டைவிரல் தள்ளினால் திறக்கும்,
கிட்டே கொண்டுபோனால் தானே தாவி ஒட்டும்.
ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது.
"மூடியை இரவெல்லாம் தேடினோம்.
தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலோடு
ஒட்டிக்கொண்டு கொதிகலனுக்குள் போயிருக்கிறது."

அடுத்தது சொடுக்கு மூடி.
உள்ளே பித்தளை வில், ஒரே அழுத்து, டக்.
எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது;
இரவுச் சாப்பாட்டின்போதுகூட
திறந்து மூடிக்கொண்டே இருந்தேன்,
ராய்வோ எழுந்து போகும்வரை.
உர்வே திருப்பி அனுப்பவில்லை. தொலைபேசினாள்.
"ஒவ்வொரு டக்குக்கும் ஒரு குழந்தை
இரண்டு கையையும் விரிக்கிறது.
அழவில்லை. ஆனாலும்."

வெறும் இறுக்கத்தில் நிற்கிற மூடியை
அவளுக்கு அனுப்பும் துணிவில்லை.
ஜூனிப்பர் கட்டையில் கடைந்து
என் பையிலேயே ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன்.
வெளியே உறைபனி, உள்ளே அடுப்பு;
கட்டை அதற்கேற்ப மூச்சு விட்டது.
வரி அலுவலகத்து வரிசையில் நிற்கையில்
நெஞ்சில் நீலமாய் ஒரு தீவு பரவிற்று.
முன்னால் இருந்த அம்மாள் கைக்குட்டை நீட்டினாள்.

மிச்சம் இருந்தது மரை.
சாதா மரைக்கு இரண்டரைச் சுற்று.
கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: மூன்று நொடிக்கு மேல்.
மூன்று நொடியில் ஒருவர் பிறந்துவிடலாம்.

அதனால் மூன்று வாய் வெட்டினேன்.
மூன்று பள்ளம், மூன்று இடத்தில் தொடங்கி
ஒன்றையொன்று தொடாமல் இறங்கும்;
முக்கால் சுற்றில் கைக்கு வந்துவிடும்.
குறை ஒன்றுதான்:
மூன்றில் ஒரு வாயில் மூடினால்தான்
மூடியின் ரேகையும் உடம்பின் ரேகையும் சேரும்.
"அதிகாலை மூன்று மணிக்கு
ரேகையை யார் பார்ப்பார்கள்?" என்றான் ராய்வோ.
நான் பார்ப்பேனே.
ரேகையே இல்லாத கறுப்பில் கடைந்து முடித்தேன்.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
"இதற்கும் இரண்டு கை வேண்டும்.
இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும்."

பதில் இல்லை.
கடல் இளகிற்று, விர்ட்சு படகு
பனி உடைக்காமலே வரத் தொடங்கிற்று.
ஜூனில் பேனா வந்தது, நிப் கீறுகிறது என்று.

மூடியை விளக்கடியில் திருப்பினேன்.
நுனிக்குச் சற்றுக் கீழே
மேலே இரண்டு குழி, கீழே இரண்டு.
எலியோ என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு, அறையில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு,
மூடியைப் பல்லிடுக்கில் வைத்தேன்,
வலது கையால் உடம்பைத் திருகினேன்.
முக்கால் சுற்று.
இடது கை சும்மாவே தொங்கிற்று.

நாலு மாதம் கைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.
அவள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி
வேலையை முடித்திருக்கிறாள்.

பேனாவைச் சுற்றியிருந்த தாளில் எழுதியிருந்தது:
"மூடி நன்றாக இருக்கிறது.
தீக்குச்சியைச் சப்பின மாதிரி ஒரு ருசி,
அதற்கு மட்டும் ஏதாவது வழி உண்டா?"

கந்தகம். ரப்பரைக் கெட்டிப்படுத்துவதே அதுதான்.
அப்படி ஒரு கேள்வியை
எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

இப்போது மூடிக்கு உள்ளே எபோனைட் மரை,
மேலே ஜூனிப்பர் உறை.
இங்கே வெண்ணெய்க்கத்தி செய்கிற கட்டை அது,
வாய்க்குப் பழகினது.
அரக்கு பூசவில்லை, ஆளிவிதை எண்ணெய் மட்டும்.
பல் பதிய ஒரு வரிப்பள்ளம் போடலாமா என்று
உளியை ஒருமுறை கிட்டே கொண்டுபோனேன்,
எடுத்துவிட்டேன்.
மூன்று வாய் என் வேலை.
நான்காவதை
அவளே பார்த்துக்கொள்வாள்.